மரபணுவா, ஜீனா, பிறழ்வா, மாற்றமா: நோயாளியின் கையில் எந்தச் சொல்லைக் கொடுப்பது?

“ஏன் தம்பி, புள்ள யாருக்குப் பொறந்துச்சுன்னு பாக்கவா ரத்தம் எடுக்குறாங்க?”

மரபியல் ஆலோசனை அறையின் வாசலில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக் கேட்டது இது. அவருடைய பேரனுக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தாய், தகப்பன் இருவருக்கும் சோதனை செய்யச் சொல்லி மருத்துவர் எழுதியிருந்தார். அதை ‘மரபணுப் பரிசோதனை’ என்று தமிழில் எடுத்துச் சொன்னவன் நான். அகராதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டி அதுவரை ‘மரபணு’ என்ற சொல்லைக் கேட்டதெல்லாம் நீதிமன்றச் செய்திகளில்தான். தகப்பன் யார் என்ற வழக்கு, அடையாளம் தெரியாத சடலம், இப்படி. கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் மருமகள் பக்கம் திரும்பினார். குழந்தையைத் தோளில் போட்டிருந்த அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து நோயாளிக்கான கையேடு எழுத உட்கார்ந்தாலும் சரி, அறிக்கையை எடுத்துச் சொல்ல நின்றாலும் சரி, ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுப் பார்க்காமல் வைப்பதில்லை. மனித ஜீனோம், அதாவது நம் உடம்பிலுள்ள முழு டி.என்.ஏ. எழுத்து, அதைப் பற்றிய சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. ஒன்று வேண்டிய இடத்தில் நான்கு நிற்கின்றன. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. வழிகள் மூன்று. ஒலியை அப்படியே எழுதலாம்: ஜீன், ஜீனோம், குரோமோசோம், மியூட்டேஷன். ஆக்கிவைத்த தமிழ்ச்சொல்லை எடுக்கலாம்: மரபணு, மரபணுத்தொகை, நிறப்புரி, சடுதிமாற்றம். அல்லது கலைச்சொல்லையே விட்டுவிட்டு, அது என்ன செய்கிறது என்பதைப் பேச்சுத் தமிழில் விரித்துச் சொல்லலாம்.

இவற்றில் இரண்டாவது வழியும் ஒற்றைத் தடம் அல்ல. தமிழ்நாட்டில் வளர்ந்த சொற்கள் ஒரு பக்கம், இலங்கையில் வளர்ந்தவை இன்னொரு பக்கம். அங்கே ஜீன் ‘பரம்பரையலகு’, குரோமோசோம் ‘நிறமூர்த்தம்’, மியூட்டேஷன் ‘விகாரம்’, மரபியல் ‘பிறப்புரிமையியல்’. தமிழில் மருத்துவம் சொல்வது அங்கே பழைய பழக்கம். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார், உடற்கூறும் மகப்பேறும் தமிழில் நூலாயின. அந்தப் பின்புலத்தில் வந்த சொற்களைப் ‘புரியாத தமிழ்’ என்று தள்ளிவிடுவது அநியாயம். ஒரே அறிக்கையை இரண்டு கரைக்காரர்களும் வாசிப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றில் ஒரு வழியைக் கொள்கையாக எடுத்துக்கொண்டு எல்லாச் சொல்லையும் அதற்குள் அடைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சொல்லுக்குச் சொல் முடிவெடுக்க வேண்டும். என் அளவுகோல் ஒன்றுதான்: இந்தச் சொல்லைக் கேட்டவர் அடுத்து எடுக்கப்போகும் முடிவு சரியாக இருக்குமா? அழகு, தூய்மை, சுருக்கம் எல்லாம் அதற்கு அப்புறம்.

மரபணு, டி.என்.ஏ., ஜீனோம்

‘ஜீன்’ என்ற சொல்லை 1909இல் டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் யோஹான்சன் உருவாக்கினார். அது எதனால் ஆனது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனாலேயே எந்தக் கருத்தையும் முன்கூட்டி ஏற்றாத குட்டிச் சொல்லாக அதை வைத்தார். தமிழின் ‘மரபணு’ அப்படி வெறுமையான சொல் அல்ல. மரபும் இருக்கிறது, அணுவும் இருக்கிறது. உயிரணு, விந்தணு என்ற வரிசையில் இயல்பாக வந்து உட்காரும். குறை ஒன்று உண்டு. அணு என்றதும் மணி போன்ற துகள் கண்முன் வருகிறது. மரபணு என்பது தனித் துகள் அல்ல, நீண்ட டி.என்.ஏ. இழையில் ஒரு பகுதி. அந்த வகையில் இலங்கையின் ‘பரம்பரையலகு’ துல்லியமானது, அலகு என்பதில் துகள் இல்லை. ஆனாலும் நான் மரபணுவுக்கே வாக்களிக்கிறேன். நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் அது தெரிந்த சொல், வாயில் சிக்காத சொல்.

உண்மையான சிக்கல் வேறு. ‘மரபணு’ இரண்டு வேலை பார்க்கிறது. ஜீனுக்கும் அதுவே, டி.என்.ஏ.வுக்கும் அதுவே. செய்திகளில் ‘மரபணு சோதனை’ என்று வருவது பெரும்பாலும் இருவரின் டி.என்.ஏ.யை ஒப்பிடும் சோதனை. மருத்துவர் எழுதுவதோ ஒரு குறிப்பிட்ட மரபணுவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை. பாட்டியின் கேள்வி பிறந்தது இந்தக் கலப்பில்தான். ஆகவே என் விதி: ஜீன் என்றால் மரபணு, டி.என்.ஏ. என்றால் டி.என்.ஏ.தான். இரண்டையும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றாக வைப்பதில்லை. சோதனையைச் சொல்லும்போது நோயின் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்: “இந்த ரத்தக் குறைக்குக் காரணமான மரபணுவைப் பார்க்கிற சோதனை.” நான்கு சொல் கூடுதல்தான். அந்த நான்கு சொல்லை அன்று சொல்லியிருந்தால் ஒரு பெண் தலை குனிந்திருக்க மாட்டாள்.

டி.என்.ஏ.வுக்கு ‘தாயனை’ என்று சிலர் இணையத்தில் எழுதுகிறார்கள், ஆர்.என்.ஏ. ‘ஆறனை’. ஒலியும் ஒட்டி, தமிழாகவும் தோன்றும் ஆக்கம். ஆனால் ‘தாய்’ என்ற ஒலி காதில் விழுந்ததும் அம்மாவிடமிருந்து வருவது என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து என்பதுதான் இந்தத் துறையின் அரிச்சுவடி. தாயிடமிருந்து மட்டும் வருவது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்புக்குள் இருக்கும் சின்னஞ்சிறு டி.என்.ஏ. வளையம். பழியைச் சுலபமாகத் தாயின் தலையில் கட்டும் இடத்தில் அந்த ஒலியை நான் துணிந்து வைக்க மாட்டேன்.

ஜீனோமுக்குப் போட்டி இன்னும் கூடுதல். மரபணுத்தொகை, மரபணுத்தொகுதி, மரபணுத்தொகுப்பு, ஜீன் தொகுப்பு, ஜீனோம். 1920இல் ஹான்ஸ் விங்க்லர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆக்கிய சொல் இது. அதனுள்ளும் ‘ஜீன்’ இருப்பதால் ‘மரபணு’வை வைத்துத் தமிழாக்கியதில் வியப்பில்லை. ஆனால் தமிழில் ‘மரபணுத்தொகை’ என்றால் மரபணுக்களைக் கூட்டிய கூட்டுத்தொகை என்றுதான் பொருள்படும். டி.என்.ஏ.யில் ஏ, சி, ஜி, டி என்று நான்கு வகை எழுத்துகள்தான். உண்மையில் நம் ஜீனோமின் சுமார் 300 கோடி எழுத்துகளில் புரதத்துக்கான குறிப்பாக அமைந்த பகுதி நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். புரதம் தரும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. மீதி இழையில் மரபணுக்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற கட்டுப்பாட்டு இடங்கள் இருக்கின்றன, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் இருக்கின்றன, என்ன செய்கிறதென்று தெரியாத நீளங்களும் இருக்கின்றன. 1990இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது படிக்கப்படாமல் நின்ற 8 விழுக்காடு அளவும் பெரும்பாலும் இப்படித் திரும்பத் திரும்ப வரும் பகுதிதான். அந்த இடைவெளி 2022இல்தான் நிரப்பப்பட்டது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. குடும்பம் எந்தச் சோதனைக்குச் சம்மதிப்பது என்று முடிவெடுக்கும் இடம் இது. ஒற்றை மரபணுவை மட்டும் பார்க்கலாம், எக்சோம் பார்க்கலாம், முழு ஜீனோமையும் பார்க்கலாம். எக்சோம் என்பது புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிப்பது. ஜீனோமை ‘மரபணுக்களின் தொகை’ என்று சொல்லிவைத்தால், எக்சோமுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வழி இல்லாமல் போகும். அதனால் சோதனையின் பெயராக ‘ஜீனோம்’, ‘எக்சோம்’ இரண்டையும் ஒலிப்படியே வைக்கிறேன். விளக்கும்போது ‘உங்கள் உடம்பிலுள்ள முழு டி.என்.ஏ. எழுத்தும்’ என்கிறேன். தமிழ்ச்சொல்லே வேண்டும் என்று வற்புறுத்தும் பதிப்பாளர்களுக்கு ‘மரபணுத்தொகுதி’ தருகிறேன், தொகுதியில் கூட்டுத்தொகையின் வாடை கொஞ்சம் குறைவு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரின் ஜீனோமைப் படித்ததை ‘மரபுக்குறியீடு கண்டறியப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். மரபுக்குறியீடு என்பது டி.என்.ஏ.யின் மூன்றெழுத்துச் சேர்க்கை எந்த அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தைக் கோக்கும் எந்த மணியைக் குறிக்கும் என்ற பட்டியல். 64 சேர்க்கைகள், 20 அமினோ அமிலங்கள். அதை விடுவித்ததற்காக நிரன்பர்க், கொரானா, ஹோலி மூவரும் 1968இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பட்டியல் வாழைக்கும் நமக்கும் ஒன்றே. எழுத்துமுறை ஒன்று, அதில் எழுதிய கடிதம் ஆளுக்கு ஆள் வேறு. எழுத்துமுறைக்கு ‘குறியீடு’, கடிதத்துக்கு ‘ஜீனோம்’. ‘உங்கள் குறியீட்டில் பிழை’ என்று எந்த நோயாளியிடமும் சொல்லக் கூடாது, குறியீடு எல்லோருக்கும் பொது.

டி.என்.ஏ. இழை சுருண்டு பொதிந்திருக்கும் குரோமோசோமைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ‘நிறமூர்த்தம்’ கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்த்த அழகான ஆக்கம்: நிறம், உடல். சாயம் ஏற்றியபோது தெளிவாகத் தெரிந்ததால் வந்த பெயர். ஆனால் நிறம் என்றதும் குழந்தையின் தோல் நிறத்தை நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குரோமோசோமே போதும்.

மியூட்டேஷன்: தமிழில் மிகக் கவனமாக எடுக்க வேண்டிய சொல்

திடீர்மாற்றம், சடுதிமாற்றம், விகாரம், பிறழ்வு, திரிபு, மாறுபாடு. ஆறையும் மேசையில் பரப்பிவைத்துப் பார்ப்போம்.

‘சடுதிமாற்றம்’ பாடநூல் வழி வந்தது. தலைமுறைகளின் கணக்கில் பார்த்தால் மாற்றம் திடீரென்று வருவது உண்மை. ஆனால் நோயாளியின் காதில் அது வேறு. “போன வருசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தேன், எப்ப திடீர்னு மாறிச்சு?” என்று கேட்பார்கள். பிறக்கும் முன்பே அவரிடம் இருந்த மாற்றம் அது. ‘சடுதி’ அவரைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது: போன மாதம் எடுத்த மருந்தா, பட்ட அதிர்ச்சியா என்று. தேர்வுத்தாளில் இருக்கட்டும், அறிக்கையில் வேண்டாம்.

‘பிறழ்வு’ இப்போது அதிகம் புழங்குகிறது. ‘மரபணுப் பிறழ்வு’ என்றால் மிடுக்காகத்தான் இருக்கிறது. ஆனால் பிறழ்தல் என்பது நெறி தவறுதல். ஒழுக்கப் பிறழ்வு, மனப்பிறழ்வு, சாட்சி பிறழ்தல் என்று குற்றத்தோடும் பித்தோடும் பழகிய சொல். நம் ஒவ்வொருவரின் ஜீனோமும் ஒப்பீட்டுக்கான மாதிரி ஜீனோமிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறது. அத்தனையும் பிறழ்வு என்றால் பிறழாதவர் என்று உலகில் ஒருவர்கூட இல்லை.

‘விகாரம்’ என்ற சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ‘விகாரமான முகம்’ என்று பேச்சில் கெட்டுப்போவதற்கு முன், இலக்கணத்தில் அது நடுநிலைச் சொல். புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது ஓர் எழுத்து புதிதாகத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்து வேறாகத் திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது ஓர் எழுத்து கெட்டு மறைகிறது.

டி.என்.ஏ.யில் நடப்பதும் அச்சாக இதேதான். அரிவாள்செல் ரத்தச்சோகையில், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைத் தரும் பீட்டா குளோபின் மரபணுவில் ஜி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து ஜி-டி-ஜி ஆகிறது. நடு எழுத்து ஒன்று திரிந்தது, குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்தது, சிவப்பணு அரிவாளாய் வளைந்தது. குழந்தைகளின் நரம்புகளைச் சிதைக்கும் டே-சாக்ஸ் நோயில் பரவலாகக் காணப்படும் மாற்றம் ஒன்றில் நான்கெழுத்து புதிதாகத் தோன்றி, அதற்குப் பின்னால் வரும் மூன்றெழுத்துக் கூட்டணிகள் எல்லாம் இடம் பெயர்ந்துவிடுகின்றன. நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் மிகப் பரவலான மாற்றத்தில் மூன்றெழுத்து கெடுகிறது, 508ஆம் இடத்து அமினோ அமிலம் காணாமல் போகிறது. மாணவர்களுக்குச் சொல்லும்போது பொற்குடத்தில்தான் தொடங்குகிறேன். உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் நோயாளியிடம்? ‘உங்கள் குழந்தைக்கு விகாரம்’ என்று எழுத மனம் வருமா? ‘கெடுதல்’ என்றால் இலக்கணம் நினைவுக்கு வருமா, தீங்கு நினைவுக்கு வருமா? அங்கே செருகல், பதிலீடு, நீக்கம் என்று எழுதுகிறேன், பொதுப்பெயராக ‘மாற்றம்’. ‘மரபணு மாற்றம்’ என்றால் மரபணு மாற்றப் பயிர் நினைவுக்கு வரும் என்ற எதிர்ப்பு நியாயமானது. அதனால் ‘மரபணுவில் உள்ள மாற்றம்’ என்று வேற்றுமை உருபை விரித்துப் போடுகிறேன். ‘மரபணு மாற்றம்’ என்றால் யாரோ செய்தது, ‘மரபணுவில் உள்ள மாற்றம்’ என்றால் இருப்பது. ஓர் உருபு செய்யும் வேலை அது.

மருத்துவ உலகமும் இதே பக்கம்தான் வந்திருக்கிறது. 2015இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல், ‘மியூட்டேஷன்’ என்பதைக் கைவிட்டு நடுநிலையான ‘வேரியன்ட்’ என்ற சொல்லையே பயன்படுத்தச் சொன்னது. நோய் தருமா தராதா என்பதை அதற்கு முன் ஐந்து அடைகளில் ஒன்றைச் சேர்த்துக் காட்ட வேண்டும். தமிழில் என் ஐந்து இவை: நோய்க்குக் காரணமானது, நோய்க்குக் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகுந்தது, இன்னும் விளங்காதது, தீங்கில்லாததாக இருக்கும் வாய்ப்பு மிகுந்தது, தீங்கில்லாதது. ‘வாய்ப்பு மிகுந்தது’ என்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உறுதி என்று அந்த வழிகாட்டுதலே அளவு சொல்கிறது. ‘ஒருவேளை’, ‘இருக்கலாம்’ என்றெல்லாம் எழுதி அதைத் தளர்த்திவிடக் கூடாது.

நடுவில் உள்ளது பொல்லாதது. அதை ‘முக்கியத்துவம் அறியப்படாத மாறுபாடு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். வாசிக்கும் குடும்பத்தில் பாதிப் பேர் ‘முக்கியமில்லை’ என்று எடுத்துக்கொண்டு கோப்பை மூடிவைக்கிறார்கள். மீதிப் பேர் ‘மாறுபாடு’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு நாள் கேட்கிறார்கள். இரண்டும் ஆபத்து. இந்த வகைக்குள் வரும் மாற்றத்தை வைத்து மட்டும் எந்தச் சிகிச்சை முடிவும் எடுக்கக் கூடாது. ஆண்டுகள் போகப் போக அது மேலோ கீழோ நகரவும் கூடும். ‘இன்னும் விளங்காத மாற்றம்’ என்றால் அந்த ‘இன்னும்’ வேலை செய்கிறது. திரும்ப வந்து கேட்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

பரம்பரை, பிறவி, மரபணு

தமிழில் மிகுந்த வேதனை தரும் கலப்பு இதுதான். மூன்றும் ஒன்று என்று நினைத்துப் பேசுகிறோம், எழுதுகிறோம்.

பிறவி நோய் என்றால் பிறக்கும்போதே இருப்பது, அவ்வளவுதான். கர்ப்பத்தில் ரூபெல்லா கிருமி தாக்கிப் பிறக்கும் குழந்தையின் காது கேளாமை பிறவிக் குறை, ஆனால் மரபணுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மரபணு நோய் என்றால் டி.என்.ஏ.யில் உள்ள மாற்றத்தால் வருவது, அது பெற்றோரிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டவுன் நோய்க்குறியில் 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கிறது என்று 1959இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் அது கருமுட்டை உருவாகும்போது நேரும் பிரிவுக் கோளாறு, குடும்பத்தில் ஓடி வந்ததல்ல. குட்டை உருவம் தரும் அகாண்ட்ரோபிளேசியாவோடு பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்குப் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்கள், மாற்றம் அந்தக் குழந்தையில்தான் புதிதாகத் தோன்றியிருக்கிறது. பரம்பரை நோய் என்றால் தலைமுறை வழியாக வருவது, ஆனால் பிறவியிலேயே தெரிய வேண்டியதில்லை. மூளையைப் பாதிக்கும் ஹண்டிங்டன் நோய் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதைத் தாண்டித்தான் முகம் காட்டும். புற்றுநோய்க் கட்டிக்குள் இருக்கும் மாற்றங்களோ பெரும்பாலும் அந்தக் கட்டியோடு பிறந்தவை, பிள்ளைக்குப் போகாதவை.

இத்தனையையும் ‘பரம்பரை வியாதி’ என்று ஒரே வாயில் சொன்னால் என்ன நடக்கும்? “எங்க பக்கம் யாருக்கும் இல்லையே” என்று ஒரு குரல் எழும். அது யார் பக்கத்தைச் சுட்டுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இளையவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு நின்றுபோகும். புதிதாகத் தோன்றிய மாற்றம் என்றால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக மிகக் குறைவு என்ற நல்ல செய்தி யார் காதிலும் ஏறாமலே போய்விடும். இலங்கையின் ‘பரம்பரையலகு’ துல்லியமாக இருந்தும் நான் தயங்குவது இதனால்தான். அந்தச் சொல்லை வைத்து ‘பரம்பரையலகு நோய்’ என்று எழுதியதுமே பரம்பரை முன்னால் வந்து நிற்கிறது. ‘மரபணு’விலும் மரபு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் பேச்சுத் தமிழில் மரபு பழக்கத்தையும் நெறியையும் சுட்டும் அளவுக்கு ரத்த உறவைச் சுட்டுவதில்லை. அதனால் அது கொஞ்சம் மென்மை.

ஓங்கியதும் ஒடுங்கியதும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஓங்கு, ஒடுங்கு. இலங்கையில் ஆட்சியுடையது, பின்னிடைவானது. மெண்டலின் பட்டாணிச் செடிக்கு நான்குமே பொருந்தும். நெட்டை ஓங்கியது, குட்டை ஒடுங்கியது. சந்தம்கூட நன்றாக இருக்கிறது. ஆனால் ‘ஒடுங்கு நோய்’ என்றால் லேசான நோய், ‘ஓங்கு நோய்’ என்றால் கடுமையான நோய் என்று காதுக்குப் படுகிறது. பாட்டியின் பேரனுக்கு இருந்தது பீட்டா தலசீமியா. அது ஒடுங்கு வகை. அந்தப் பையனின் கையில் ஊசி ஏறாத இடம் இல்லை.

இங்கே மூன்றாவது வழிதான் வெல்லும், எனக்கு அதில் ஐயமே இல்லை. பெரும்பாலான மரபணுக்களுக்கு நம்மிடம் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதியில் மாற்றம் இருந்தாலே நோய் வரும் என்றால் ‘ஒரு பிரதி போதும்’ வகை. இரண்டிலும் இருந்தால்தான் வரும் என்றால் ‘இரண்டும் வேண்டும்’ வகை. கலைச்சொல் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் இதைக் கேட்டவர் யாரும் அடுத்த கேள்வியைத் தவறாகக் கேட்டதில்லை.

ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருந்து நோய் இல்லாதவரை என்னவென்று அழைப்பது? கடத்தி, தாங்கி, காவி, சுமப்பவர், கேரியர். கடத்தி என்றால் செம்புக் கம்பி, இன்னும் மோசமாகக் கடத்தல்காரர். ‘நோய்க்காவி’ என்று கொசுவையும் சொல்கிறோம், தொற்று வந்து ஒட்டிக்கொள்கிறது. “அவ தொட்டத நாங்க சாப்பிடலாமா?” என்று ஒரு வீட்டில் கேட்டார்கள் என்றால் நம்புவீர்களா? கேட்டார்கள். ‘சுமப்பவர்’ பரவாயில்லை, ஆனால் சுமை ஏறுகிறது. நான் ‘ஒரு பிரதியில் மாற்றம் உள்ளவர்’ என்று எழுதி, அடுத்த வரியிலேயே ‘இவருக்கு நோய் இல்லை, இவரால் யாருக்கும் தொற்றாது’ என்று சேர்க்கிறேன். ரத்த வங்கியிலும் மருத்துவமனையிலும் ‘கேரியர்’ என்றே கூப்பிடுவதால், அந்த ஒலியையும் ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் அங்கே போய் விழிப்பார்கள்.

அந்தப் பையனின் அப்பா கடைசியில் கேட்டதை இங்கே எழுத வேண்டும். இருவருமே ஒரு பிரதியில் மாற்றம் உள்ளவர்கள் என்று முடிவு வந்திருந்தது. “நாலுல ஒண்ணுக்கு வரும்னு சொன்னீங்க சார். முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு. அப்ப அடுத்த மூணுக்கும் வராதுல்ல?” சொல் எல்லாம் சரியாக இருந்தும் ‘நாலில் ஒன்று’ அவரை ஏமாற்றிவிட்டது. இப்போது ‘ஒவ்வொரு முறை கருவுறும்போதும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, முந்தைய பிள்ளையைப் பொறுத்து இது மாறாது’ என்று முழு வாக்கியமாகத்தான் எழுதுகிறேன். எண்ணைத் தமிழில் தனியாக விட்டால் தனக்கு வேண்டிய பொருளை அது தேடிக்கொள்கிறது.

கை வைக்கக் கூடாத பெயர்கள்

சில சொற்களில் தெரிவே கிடையாது. பி.ஆர்.சி.ஏ.1, சி.எஃப்.டி.ஆர்., எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 போன்ற மரபணுப் பெயர்களுக்குத் தமிழ் தேடவே கூடாது. இவற்றை ஒரு பன்னாட்டுக் குழு வழங்குகிறது, உலகம் முழுவதும் அந்த எழுத்துகளை வைத்துத்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். அந்தப் பெயர்களின் எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். செப்டின் வகை மரபணு ஒன்றின் சுருக்கப் பெயரைக் கணினி அட்டவணையில் இட்டால் அது செப்டம்பர் 1 என்ற தேதியாகத் தானே மாறிவிடும். ஆராய்ச்சித் தரவுகளில் இந்தப் பிழை புகுந்து புகுந்து, கடைசியில் 2020இல் அந்தக் குழு தன் விதிகளைப் புதுப்பித்தபோது, மரபணுவின் பெயரையே நீட்டி எழுத வேண்டியதாயிற்று.

எண்ணிலும் அப்படியே. அரிவாள்செல் மாற்றத்தைப் பழைய நூல்கள் 6ஆம் இடம் என்றன, புதிய அறிக்கைகள் 7ஆம் இடம் என்கின்றன. இரண்டும் ஒரே மாற்றம். புரதம் முதலில் உருவாகும்போது தலையில் நிற்கும் மெத்தியோனினைப் பழைய கணக்கு விட்டுவிட்டது, புதியது எண்ணுகிறது. மொழிபெயர்ப்பவர் பழைய நூலைப் பார்த்து 7ஐ 6ஆகத் ‘திருத்திவிட்டால்’ அடுத்த மருத்துவர் வேறு மாற்றம் என்று நினைப்பார்.

நோயின் பெயர் மட்டும் வேறு வகை. அது மனிதரைக் குத்துமென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். டவுன் நோய்க்குறியை ஓர் இனத்தின் பெயரால் அழைக்கும் வழக்கம் இருந்தது. 1961இல் மரபியலாளர்கள் சேர்ந்து அதை எதிர்த்து எழுதினார்கள், 1965இல் மங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று உலகச் சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. தமிழில் இன்னும் சில கையேடுகளில் ‘மந்தபுத்திக் குழந்தை’ இருக்கிறது. அந்தக் குழந்தையின் அம்மாவும் அதே கையேட்டைத்தான் வாசிக்கிறார்.

எனக்கு முடிவு கிடைக்காத சொல் ஒன்று இருக்கிறது. மாற்றம் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு நோய் உண்மையில் வெளிப்படுகிறது என்ற அளவு. அகராதியில் ‘ஊடுருவல் திறன்’ என்று இருக்கிறது, அது எல்லைப்படைச் செய்தி போல ஒலிக்கிறது. ‘வெளிப்பாட்டு வீதம்’ என்று சில காலம் எழுதிப் பார்த்தேன். மரபணு வெளிப்பாடு என்பது வேறொன்று, இரண்டும் குழம்பிவிட்டன. இப்போதைக்குச் சொல்லே இல்லாமல் எழுதுகிறேன்: பி.ஆர்.சி.ஏ.1இல் நோய்க்குக் காரணமான மாற்றம் உள்ள நூறு பெண்களில் அறுபது பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும், மற்றவர்களுக்கு வராது. நீங்கள் எந்தப் பக்கம் என்று இந்தச் சோதனை சொல்லாது, ஆனால் முன்கூட்டியே கவனமாகப் பார்த்துக்கொள்ள வழி உண்டு. மூன்று வரி ஆகிவிட்டது. இதைச் சொன்னதும் பெண்கள் அடுத்துக் கேட்பது, “எந்த வயசிலேர்ந்து பாக்கணும்?” என்றுதான்.